ஆர்ஓ தண்ணிதானே ஊத்துறீங்க?

1. தொங்கிப்போன தலை

ராஜபாளையத்தில் மீன் தொட்டிக் கடை வைத்திருப்பவனுக்கு வருகிற போன்கள் பெரும்பாலும் ஒரே ரகம். மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது, தண்ணீர் பச்சையாகிவிட்டது, மோட்டார் கத்துகிறது. பாதிப் பேருக்குப் போனிலேயே வைத்தியம் சொல்லி முடித்துவிடுவேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மெர்சி பேசியது அந்த ரகத்தில் சேராது.

"பாய், லெதர் தலையத் தொங்கப் போட்டுருச்சு. கையெல்லாம் உள்ள இழுத்துக்கிச்சு. செத்த வந்து பாருங்களேன்."

அவர் வீட்டில் இருப்பது நான் வைத்துக் கொடுத்த கடல்நீர்த் தொட்டி. மீன் இரண்டே இரண்டு, பாசி தின்னச் சில நத்தைகள். மற்றதெல்லாம் சாஃப்ட் கோரல், அதாவது மெத்தென்று இருக்கும் பவள உயிர்கள். லெதர் என்பது காளான் குடை போல விரிந்து, மேலெல்லாம் குட்டிக் கைகளை நீட்டிக்கொண்டிருக்கும். சீனியா என்று இன்னொன்று, விரல்களைத் திறந்து திறந்து மூடும்.

தொட்டி மெர்சியின் கணவர் ஜோசப்பின் ஆசை. அவருக்குக் கப்பலில் என்ஜின் ரூம் வேலை. ஊருக்கு வந்தால் சில மாதம் தொட்டியே கதி என்று கிடப்பார். போகும்போது மனைவி கையில் ஒப்படைத்துவிட்டுப் போவார். தினமும் வீடியோ காலில் முதல் கேள்வி, "லெதர் எப்படி இருக்கு?" என்பதுதான்.

"ஒன்ன நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்னு சொல்லிட்டுப் போனாவ. ஈஸ்டருக்கு வாராவ. அதுக்குள்ள இது செத்துப்போச்சுன்னா அவிய மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்?" என்றார் மெர்சி. அவர் பயந்தது பவளத்துக்காக மட்டும் இல்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

2. எல்லாம் சரி, எதுவும் சரியில்லை

போன உடனே மெர்சி டம்ளரோடு வந்தார். "தண்ணி குடிங்க பாய்... ஐயோ, நோன்புல்ல? மறந்தே போச்சு. எனக்கும் லெந்து நாளு, ஈஸ்டர் வரைக்கும் ஒறுத்தல்தான், இருந்தும் நாக்கு சும்மா இருக்க மாட்டேங்குது" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொண்டுபோனார். அந்த டம்ளரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு அளவு பார்த்தேன், சரி. சூடு சரி. பிஎச் சரி. ஆல்கலினிட்டி, நைட்ரேட் எல்லாம் சரி. ஏதாவது ஒன்று தப்பாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கடைசியாக, எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

"ஆர்ஓ தண்ணிதானே ஊத்துறீங்க?"

"ஆமா பாய், ஆர்ஓதான்."

கடல்நீர்த் தொட்டியில் தினமும் கொஞ்சம் தண்ணீர் ஆவியாகும், உப்பு உள்ளேயே நிற்கும். குறைந்த அளவுக்கு ஒன்றுமே கலக்காத ஆர்ஓ தண்ணீரை ஊற்ற வேண்டும். அதுவும் சரி என்றால் வேறு என்ன? லெதர் சில சமயம் தோல் உரிக்கும். ஒரு வாரம் சுருங்கிக் கிடந்து, மேல் படலத்தை விட்டுவிட்டுப் பழையபடி விரியும். அதையே சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சொன்னதைப் பாதிதான் நம்பினேன்.

3. பால்கோவாப் புகை

அடுத்த முறை போனபோது சீனியாவின் விரல்கள் நின்றுபோயிருந்தன. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்த நத்தைகள் கழன்று கீழே கிடந்தன. மீன்கள் மட்டும் கல்யாண வீட்டுப் பிள்ளைகளாக ஓடித் திரிந்தன. அதுதான் என்னை மேலும் குழப்பியது. தண்ணீர் கெட்டிருந்தால் மீனுக்கும் தெரிய வேண்டாமா?

பின்வீட்டில் பால்கோவா கிண்டுகிறார்கள். அடுப்புப் புகை ஜன்னல் வழியாக வருகிறது. நோன்பு வயிற்றோடு அந்த வாசனையில் நின்று யோசித்ததாலோ என்னவோ, குற்றவாளி புகைதான் என்று தோன்றிவிட்டது. ஜன்னலை அடைக்கச் சொன்னேன். அடைத்ததும் அறை வெந்தது, தொட்டிச் சூடு ஏறியது, லெதர் இன்னும் சுருங்கியது.

"பாய், பால்கோவா வாசத்துக்கு நமக்குத்தான் வாயில தண்ணி ஊறும். அதுக்கு என்ன செய்யும்?" என்றார் மெர்சி.

பிறகு விளக்கைக் குறைத்தேன், அலை மோட்டாரைத் திருப்பி வைத்தேன். தொழில் நண்பர்கள் மூன்று பேரிடம் கேட்டேன், நான்கு பதில் வந்தது. இவ்வளவு வருடம் இந்தத் தொழிலில் இருந்தும், அந்தக் கண்ணாடிக்கு முன்னால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனைப் போல முழித்துக்கொண்டு நின்றேன்.

நிற்கும்போதே ஜோசப்பின் வீடியோ கால் வந்தது. மெர்சி போனை மீன் இருக்கும் பக்கமாகப் பிடித்தார்.

"லெதர் எங்க? ஏன் அதக் காட்ட மாட்டேங்க?"

"பாய் சுத்தம் பண்ணுதாரு..." என்று சொல்லி என்னிடம் நீட்டிவிட்டார்.

"தோல் உரிக்குது சார்" என்றேன் நானும்.

"பாய், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்கதான் பாத்துக்கிடணும்" என்றார் ஜோசப். போன் ஸ்பீக்கரில் இருந்தது. மெர்சி செத்த நத்தைகளைப் பொறுக்கத் தொடங்கினார். எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

4. டம்ளர்

நோன்புப் பெருநாள் முடிந்து, கொஞ்சம் பிரியாணியும் எடுத்துக்கொண்டு போனேன். மெர்சி டம்ளரோடு வந்தார்.

"இன்னைக்கு மாட்டேன்னு சொல்ல முடியாதுல்ல? குடிங்க பாய். காப்பர் தண்ணி, ஒடம்புக்கு நல்லதாம்."

பாதி குடித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அந்த வார்த்தை காதுக்குள் போனது.

"என்ன தண்ணி?"

"காப்பர் தண்ணி. கல்யாண நாளுக்கு அவிய ஆன்லைன்ல போட்டு அனுப்புன மெஷின்."

நேரே சமையலறைக்குப் போனேன். சுவரில் செம்பு நிறப் பட்டை போட்ட புது ஆர்ஓ மெஷின் தொங்கியது.

"தொட்டிக்கும் இதுதானா? நான் சொன்ன தண்ணி பிளாண்ட்ல கேன் தண்ணி வாங்குனீங்களே?"

"இது வந்த பொறவு கேன் எதுக்குன்னு நிப்பாட்டிட்டேன். இதுவும் ஆர்ஓதானே பாய்?"

இதுவும் ஆர்ஓதான். அவர் பொய் சொல்லவே இல்லை. தண்ணீரைச் சுத்தமாக வடிகட்டி, கடைசியில் மனிதருக்கு நல்லது என்று துளி தாமிரம் கலந்து கொடுக்கிற ஆர்ஓ. மீன் துளித் தாமிரத்தைத் தாங்கும், நோய்க்கு மருந்தாகவே போடுகிறோம். நத்தையும் பவளமும் தாங்காது. ஊற்றுகிற தண்ணீர் ஆவியாகிப் போக, தாமிரம் மட்டும் நாளுக்கு நாள் உள்ளே சேர்ந்திருக்கிறது.

தாமிரத்தை இழுத்துக்கொண்டு நிறம் மாறுகிற பஞ்சு பேட் ஒன்று உண்டு. வரவழைத்து ஃபில்டரில் வைத்தேன். ஓரத்தில் லேசாக நீலம் ஏறியது. சந்தேகத்தை உறுதிசெய்ய அது போதும் போலவும் இருந்தது, போதாது போலவும் இருந்தது.

கேன் தண்ணீருக்குத் திரும்பினோம். தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம், மிச்சத்தை உறிஞ்சக் கார்பன் போட்டோம், ஜன்னலையும் திறந்துவிட்டோம். குருத்தோலை ஞாயிறு கழிந்து ஒரு நாள் லெதர் ஒரு பக்கமாகக் கை நீட்டியது. சீனியா ஒன்றுகூடத் தேறவில்லை. ஒரே தண்ணீரில் இது எப்படிப் பிழைத்தது, அது ஏன் போனது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

5. கேமரா

ஜோசப்பிடம் நானே சொல்கிறேன் என்றேன். மெர்சி கேட்கவில்லை. என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வீடியோ கால் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"ஐயோ, ஒனக்கு நல்லதுன்னுதானே வாங்கி அனுப்புனேன்" என்றார் ஜோசப்.

"நல்லாத்தான் இருக்கேன். ஆனா அதே தண்ணியத்தான் இம்புட்டு நாளா நானும் குடிக்கேன். அது வாடுனா பாய் ஓடி வாராரு, நீங்க நூறு கேள்வி கேக்கிய. நான் எப்படி இருக்கேன்னு ஒரு நாளு கேட்டியளா?"

ஜோசப் என்ஜின் இரைச்சலை விட்டுக் கொஞ்சம் தள்ளி வந்தார்.

"இந்தா, லெதர் கை நீட்டிருச்சு, பாருங்க" என்று மெர்சியே போனைத் தொட்டிக்கு நேரே பிடித்தார்.

"அது கெடக்கட்டும். போன ஒம் பக்கம் திருப்பு" என்றார் ஜோசப்.

நான் வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். 'ஆர்ஓதானே' என்று கேட்காதீர்கள், எந்தக் குழாயில் பிடிக்கிறீர்கள் என்று போய்ப் பாருங்கள். தொட்டியைக் குனிந்து பார்ப்பதற்கு முன்னால், அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறவரை நிமிர்ந்து பார்த்து, நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்று கேளுங்கள். நான் மெர்சியின் வீட்டுக்கு அத்தனை முறை போயும் அதைக் கேட்டதில்லை.