உப்புப் பார்க்கும் முகம்

திருகோணமலை நகரத்தில், துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு சிறிய விருந்தினர் விடுதியில் தவராசா பதினாறு வருடமாகச் சமையற்காரர். ஊர் ஈச்சிலம்பற்று. அவருடைய நண்டுக்கறிக்காகவே கொழும்பிலிருந்து திரும்பத் திரும்ப வருகிறவர்கள் உண்டு. அவரோ குசினியை விட்டு வெளியே வந்து ஒருவருக்கும் முகம் காட்டமாட்டார்.

போன ஆவணியில் நோர்வேயிலிருந்து சிவானுஜா என்ற பெண் வந்து தங்கினார். நாற்பது வயதிருக்கும். தோளில் தேய்ந்துபோன கமரா. வந்த அன்றே குசினி வாசலில் நின்று, "அண்ணை, நான் இஞ்ச கொஞ்சம் இருக்கலாமோ?" என்று கேட்டார். உட்கார்ந்ததும் வெங்காயம் உரிக்கத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் விடுதி உரிமையாளர் அனுஷியா போனோடு ஓடி வந்தார்.

"தவராசண்ணை, அவ ஆரெண்டு தெரியுமோ? பெரிய உலகப் பரிசெல்லாம் வாங்கின பத்திரிகைப் படப்பிடிப்பாளர்!"

பரிசு பெற்ற படம் போனில் தெரிந்தது. எங்கோ ஒரு நாட்டில், கூரையில்லாத வீட்டின் வாசலை ஒரு மனிதர் கூட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். தவராசா போனை வாங்கிக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். சண்டையில் இடம்பெயர்ந்து ஊர் திரும்பிய நாளில் அவரும் முதலில் அதைத்தான் செய்தார். ஒருவருக்கும் சொன்னதில்லை. இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது? சோறு அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் அடுப்புப் பக்கம் திரும்பினார்.

அன்று பின்னேரம் சிவானுஜா கேட்டார்: "உங்களை ஒரு படம் எடுக்கலாமோ?"

தவராசா கையைத் துடைத்துக்கொண்டு சுவரோடு விறைப்பாக நின்றார். அடையாள அட்டைக்கும், சண்டைக் காலத்துப் பயணப் பாசுக்கும், முகாம் பதிவுக்கும் அப்படித்தான் நின்று பழக்கம்.

சிவானுஜா கமராவைக் கீழே வைத்தார். "நீங்கள் சமையுங்கோ அண்ணை. அவசரமில்லை."

மூன்று நாள் போனது. நாலாம் நாள் காலை கமராவை நீட்டிக் காட்டினார். உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பு. கண்ணை மூடி உப்புப் பார்க்கிற ஒரு மனிதர். யன்னல் வெளிச்சம் பாதி முகத்தில். சாமிக்கு முன்னால் நிற்கிறவரைப் போல இருந்தார்.

"இது... நானோ?"

"ஓம். நேற்று எடுத்தனான்."

"எனக்குச் சத்தமே கேக்கேல்லை."

"நீங்கள் கறியோட கதைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."

தவராசா தயங்கினார். "இதைப் பேப்பரில போடுவீங்களோ?"

"நீங்கள் ஓமெண்டாத்தான் போடுவன்."

படத்தைப் பற்றி அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "எனக்கு மட்டும் தாங்கோ பிள்ளை," என்றார்.

சிவானுஜா உடனே சரியென்று தலையசைத்தார். உலகமே பரிசு கொடுத்த ஆள், ஒரு சமையற்காரனின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறாரே என்று தவராசா வியந்தார்.

ஒரு மாதம் கழித்துப் படம் ஈச்சிலம்பற்று வீட்டுக்குத் தபாலில் வந்தது. மனைவி பத்மாசனி அதற்குக் கண்ணாடி போடுவித்து முன்னறையில் மாட்டினார். லீவில் வீட்டுக்குப் போன தவராசாவுக்கு அதை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது. இரண்டு நாள் பின்வாசலாலேயே போய்வந்தார்.