சமாதிக் கல்லைப் படித்த தினேஸ்வரி

மலேசியாவின் ஈப்போவில் எக்ஸ்கவேட்டர் ஓட்டும் பெண்கள் அதிகமில்லை. அவர்களில் சீனம் படிக்கத் தெரிந்தவள், யாரும் அறிந்தவரை, தினேஸ்வரி ஒருத்திதான். வீட்டுக்குப் பக்கம் என்பதால் அம்மா அவளைச் சீனப் பள்ளியில் சேர்த்திருந்தார். ஆறு வருடம் படித்தது, முப்பத்து நான்கு வயதில் கைகொடுத்தது.

தஞ்சோங் ரம்புத்தான் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்தில் வீடுகள் கட்ட மேட்டைச் சமப்படுத்திக்கொண்டிருந்தாள். இயந்திரத்தின் மண் அள்ளும் வாளி எதிலோ நங்கென்று இடித்தது. இறங்கிப் போய்க் குடிதண்ணீரை ஊற்றித் தேய்த்தாள். கல்லில் எழுத்துகள் தெரிந்தன.

"கல்லுதானே லா, தள்ளிட்டுப் போ," என்றார் சூப்பர்வைசர் கனகராஜ்.

"ஆள் பேரு இருக்கு அண்ணே. இது சமாதி."

"நீ படிச்சியா?"

"பாதி புரியல, பழைய எழுத்து. ஆனா இது 'மா'. குதிரை. சீனச் சதுரங்கக் காய்ல இப்படித்தான் போட்டிருக்கும். குடும்பப் பேரு."

கனகராஜ் தலையைச் சொறிந்துகொண்டு முதலாளியை அழைத்தார். தினேஸ்வரி ஈப்போவில் உள்ள சீனர் சங்கத்தை அழைத்தாள். இயந்திரத்தை மட்டும் அவள் நகர்த்தவில்லை.

அந்த வாரமே பல்கலைக்கழகத் தொல்லியல் குழு வந்தது. அவர்கள் தூரிகையால் மண்ணைத் தட்ட, அவள் மேல்மண்ணை விரற்கடை விரற்கடையாகச் சீவிக் கொடுத்தாள். மொத்தம் பதினொரு கற்கள். எல்லாம் வெள்ளீயம் தோண்ட வந்து, நூற்று முப்பது வருடங்களுக்கு முன் இறந்த சீனர்களுடையவை. பிறகு வந்தவர்கள் அவர்கள் மேலேயே ரப்பரை நட்டுவிட்டிருந்தார்கள்.

முதலாளி முதலில் முணுமுணுத்தார். கடைசியில் வரைபடத்தை மாற்றி, சமாதிகளைச் சுற்றி வேலி போட்டார்.

செய்தியைப் பார்த்துத் தெலுக் இந்தானிலிருந்து ஒரு சீன மூதாட்டி ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். 'மா' அவருடைய கொள்ளுத்தாத்தா. குடும்பமே தேடிச் சலித்த சமாதி. கண்டுபிடித்தது யார் என்று கேட்டவருக்கு, "நான்தான்" என்று தினேஸ்வரி ஈப்போச் சீனர்கள் பேசும் காண்டனீஸில் பதில் சொன்னாள். மூதாட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊதுபத்தி ஒன்றை அவள் கையிலும் கொடுத்தார்.

இப்போது சனிக்கிழமைகளில் சங்கத்தாரோடு தோட்டம் தோட்டமாகப் போய்க் கற்களைப் பதிவு செய்கிறாள். பழைய எழுத்துகளையும் கற்றுக்கொண்டிருக்கிறாள். போன வாரம் கனகராஜ், மண்ணில் கிடந்த சீன எழுத்து ஒன்றைப் படமெடுத்து அனுப்பி, பதறியடித்துப் போன் செய்தார்.

"இது யாரு சமாதி, பாரு."

"ஒண்ணும் இல்ல அண்ணே. அது செங்கல்லு, பழைய சூளை பேரு போட்டிருக்கு. நீங்க வேலையப் பாருங்க."