கப்பல் வராத துறைமுகத்துக்குப் புறப்பட்ட என் மகள்

என் மகளைக் காணோம் என்ற செய்தி வந்தபோது நான் நடுக்கடலில், ஒரு சரக்குக் கப்பலின் என்ஜின் அறையில் இருந்தேன்.

"ஏனுங்க, பாப்பா பள்ளிக்கூடத்துக்கே போகலையாமுங்க. போனும் எடுக்க மாட்டேங்குதுங்க" என்று திருச்செங்கோட்டிலிருந்து என் மனைவி கோமதி அழுதாள். பதில் சொல்வதற்குள் கப்பலில் நெட் போய்விட்டது.

தர்ஷிணி அப்போது பிளஸ் ஒன். ஒரு வருடமாகவே என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. நான் மார்க் கேட்பேன், சாப்பாடு கேட்பேன். "ம்" என்பாள். போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். அப்பா மீது பாசமில்லை என்றே நினைத்திருந்தேன்.

தரையில் இருப்பவன் பஸ் ஏறித் தேடலாம். நான் எங்கே தேடுவேன்? கேபினில் மண்டியிட்டேன். கண்ணை மூடினால் எங்கள் ஊர் மலைக்கோயில்தான் தெரிந்தது. "அர்த்தநாரீசுவரா, அப்பனும் அம்மையுமாய் ஓருடம்பில் நிற்கிறாய். நான் பெற்ற பிள்ளையை விட்டு இவ்வளவு தூரத்தில் நிற்கிறேன். அவளை வீடு சேர்த்துவிடு."

என்னோடு வேலை செய்யும் ரோமெல் பிலிப்பைன்ஸ்காரர். அவருக்கும் அதே வயதில் ஒரு மகன். விஷயம் கேட்டதும் ஜெபமாலையோடு வந்து பக்கத்தில் மண்டியிட்டார். அவர் தன் தெய்வத்திடம் என் மகளுக்காகக் கேட்டார்.

சில மணி நேரம் கழித்து நெட் வந்தது. முதலில் வந்தது கோமதியின் குரல்: "பாப்பா ஊட்டுக்கு வந்துருச்சுங்க!"

சேலம் பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். "தனியாவா போற சாமி?" என்று கண்டக்டர் கேட்டதும் அழுதுவிட்டாள். அந்தப் புண்ணியவான் அவளை இறக்கி, வீட்டு நம்பர் வாங்கிப் பேசி, என் மைத்துனர் வரும்வரை ஆபீஸில் உட்கார வைத்திருக்கிறார். அவரை அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும்.

மகள் போனில் வந்தாள்.

"உங்க கப்பல் சென்னைக்கு வருதுன்னு, கப்பல் எங்க போகுதுன்னு காட்டற ஆப்ல போட்டிருந்துச்சுப்பா. ஹார்பர் கேட்ல நின்னா பாத்துடலாம்னு போனேன்."

"கப்பலையெல்லாம் பாப்பியா சாமி?"

"நீங்க போனதுல இருந்து தினமும் பாக்கறேனுங்கப்பா."

கம்பெனி கப்பலை விசாகப்பட்டினத்துக்குத் திருப்பியிருந்தது. எப்படியும் எங்களைக் கரையில் இறங்க விடமாட்டார்கள் என்பதால் நான் வீட்டில் எதையுமே சொல்லவில்லை. நான் விசாரணை மட்டுமே செய்துகொண்டிருந்த பிள்ளை, கடல் கடலாக என் பின்னாலேயே வந்திருக்கிறது.

"நான் மகனிடம் கேள்வி கேட்பதில்லை" என்றார் ரோமெல், நான் நடந்ததைச் சொன்னதும். "இன்று என்ன கெட்டுப்போனது, எந்தப் பறவை வந்து உட்கார்ந்தது என்று என் நாளைச் சொல்வேன். பிறகு அவன் தன் நாளைச் சொல்வான்." அன்றிலிருந்து நானும் அப்படித்தான். கப்பல் எங்கே திரும்பினாலும் முதலில் மகளுக்குத்தான் சொல்கிறேன். இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். அவளே கூப்பிடுகிறாள், சண்டைகூடப் போடுகிறாள்.

கேட்டதை இறைவன் கொடுத்தான். ஆனால் அவள் பேசக் காத்திருந்த அந்த ஒரு வருடத்தை யாரிடம் கேட்பது? லீவில் வரும்போதெல்லாம் மலையேறி நன்றி சொல்கிறேன்.

பிள்ளைகளை விட்டுத் தூரத்தில் பிழைக்கும் அப்பாக்களே, நம்பிக் கேளுங்கள், கைவிடமாட்டான். கேட்டு முடித்ததும் பிள்ளைக்கு ஒரு போன் போடுங்கள். இன்றைக்கு உங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.