தூள்பேணிக்குள் தாலிக்கொடி

ஈரப்பனியில் புளிக்கத் தொடங்கிய திராட்சைத் தோலின் மணமும் அதற்குள் நுழைந்துவிட்ட வறுத்த யாழ்ப்பாணத்துக் கறித்தூளின் காரமும் சேர்ந்ததுதான் எனக்கு என் ஒன்பதாவது வயதின் ஒக்ரோபர் மாதம். இக்காஸ்ட் என்ற டேனிஷ் நகரில் அப்பா வேலை செய்த பின்னலாடைத் தொழிற்சாலைக்கு இயந்திரம் திருத்த வந்துபோன பியேரோ என்ற இத்தாலியர், ஒருமுறை எங்கள் ஊருக்குத் திராட்சை ஆய வாருங்கள் என்று பேச்சுக்குச் சொல்லிவைக்க, அப்பா அதை மெய்யென்று பிடித்துக்கொண்டார். இலையுதிர்கால விடுமுறைக்கு எங்களைப் பழைய காரில் ஏற்றி, அல்ப்ஸ் மலையையும் தாண்டி, பியெமொந்தே மாநிலத்து லாங்கே குன்றுகளில் கொண்டுபோய் இறக்கினார்.

யூட்லாந்தின் தட்டை நிலத்தில் வளர்ந்த எனக்கு அந்த ஊர் நம்பமுடியாததாக இருந்தது. குன்றுக்கொரு ஊர், ஊருக்கொரு கோட்டை, கீழே சீப்பால் வாரிவிட்டதுபோலத் திராட்சை வரிசைகள், விடிந்தால் பள்ளமெல்லாம் பனி. அந்தப் பனிக்காலத்தில்தான் நெபியோலோ என்ற தங்கள் திராட்சை கடைசியாகப் பழுக்கும் என்றும், இன்று பெயர்பெற்ற வைன் விளைகிற இதே மண்ணில் சோற்றுக்கு வழியில்லாமல் தன் மாமன்மார் தூரின் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள் என்றும் பியேரோ அரைகுறை டேனிஷில் சொன்னார். "எங்கட கதைதான்" என்றார் அப்பா.

புறப்படும் முன்னர் இக்காஸ்ட் தமிழ்ச்சனம் அம்மாவுக்குச் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்றுதான்: "இத்தாலியில கள்ளர் கூட." அம்மா தாலிக்கொடியைக் கழற்றிவிட்டு "மஞ்சள் கயிறு" கட்டிக்கொண்டார். கொடியைப் பொலித்தீன் பையில் சுற்றி, பிஸ்கற் தகரப்பேணியொன்றில் நிரப்பிய தூளுக்குள் புதைத்துப் பெட்டியில் வைத்தார். "எந்தக் கள்ளன் தூளுக்குள்ள கை விடப்போறான்?" என்று அப்பாவிடம் கேட்டாராம். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் எனக்குத் தடிமன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் திராட்சை ஆயப் போய்விட, பியேரோவின் தாயார் ரோசா ஒரு கோப்பை தாயரீன் கொண்டுவந்து தந்தார். முட்டை மஞ்சட்கருவில் மாவைக் குழைத்து, இடியப்பம்போல மெல்லிசாக வெட்டி, பட்டரில் பிரட்டியது. வழித்துத் தின்று முடித்ததும் அம்மாவின் சட்டம் நினைவுக்கு வந்தது: "வந்த ஏனத்தை வெறுமையா அனுப்பக்கூடாது." பெட்டியைத் திறந்தேன், மூடி இறுகிய தூள்பேணி ஒன்று இருந்தது, கோப்பையோடு அதையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். ரோசா மூடியை இழுத்துத் திறந்து, என் மேலும் சிந்தி, மணந்து, தும்மி, சிரித்து, என்னைக் கட்டிக் கொஞ்சினார்.

மத்தியானம் வந்த அம்மா பெட்டியைத் திறந்துவிட்டு "ஐயோ, தூள்பேணிக்குள்ள இருந்த என்ர தாலிக்கொடி!" என்று குழறினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்பாவைப் பின்பக்கம் இழுத்துப்போய்க் காதுக்குள் சொன்னேன். அவர் நேரே அம்மாவிடம் போய், "நான்தான் அந்த மனுசிக்குக் குடுத்தனான், உள்ள கிடந்ததை மறந்துபோனன்" என்றார்.

"தாலியை மறக்கிற மனுசனோ நீங்கள்!"

ரோசாவின் கதவு பூட்டிக் கிடந்தது. தன் தங்கைக்குக் காட்டவென்று பேணியோடு கீழ் ஊருக்குப் போய்விட்டார் என்றார் பியேரோ. படியில் இருந்து காத்திருந்தோம். அம்மா மஞ்சள் கயிற்றைப் பிடித்தபடி, "பவுண் போனால் போகட்டும், உங்களுக்கு ஒண்டும் வரக்கூடாது" என்று அழ, அப்பா செத்துப்போவார், அதற்கு நான்தான் காரணம் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

பனிக்குள்ளிருந்து மூன்று சில்லு வண்டியொன்று இருமிக்கொண்டு வந்தது. ரோசா இறங்கி, ஏப்ரனுக்குள்ளிருந்து பொலித்தீன் பையை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். அப்பாடா! அம்மா சிரித்ததும் அழுததும் ஒன்றாகவே நடந்தன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் படையினர் குன்றேறி வந்தபோது ரோசாவின் தாயாரும் கலியாண மோதிரத்தைச் சோளமாச் சாடிக்குள்தான் புதைத்தாராம். அதனால் தங்கை வீட்டில் கரண்டியில் பை தட்டுப்பட்டதுமே விசயம் விளங்கி, வண்டியைத் திருப்பிவிட்டாராம். அன்றிரவு நெத்தலியும் உள்ளியும் எண்ணெயில் கரைத்த பாஞ்ஞா காவ்தாவில் மரக்கறியைத் தோய்த்துத் தின்றபடி, "இது எங்கட சாப்பாடுதான், தூள்தான் காணாது" என்று அம்மா தானே ஒரு கரண்டி போட்டார். மேசையில் எல்லாருக்கும் கண்ணீர்.

போன ஒக்ரோபரில் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். இக்காஸ்ட் தொழிற்சாலை மூடிக் கனகாலம். லாங்கேயில் ரோசா இல்லை, அந்த வண்டியும் இல்லை, அவர் சமைத்த குசினி சுற்றுலாக்காரர் வைன் ருசி பார்க்கும் அறையாகிவிட்டது. தாலிக்கொடி வெளியே தெரிய அங்கே இருந்துகொண்டு, முப்பது வருசமாக ஏசிய அதே ஏச்சை அம்மா தொடங்கினார்: "இந்த மனுசன் தாலியைத் தூளோட குடுத்த இடம் இதுதான்." என்னால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, அது அப்பா இல்லை. நான்தான்."

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும். அண்டைக்கு உன்ர சட்டை முழுக்கத் தூள். நான்தானே தோய்ச்சனான்."

"பிறகேன் அப்பாவை ஏசினனீங்கள்?"

"உனக்காக அந்த மனுசன் ஒரு பொய் சொல்லிச்சுது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை."

முப்பது வருசப் பாரம் இறங்கிய நிம்மதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா கிளாசை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்ப, இனி ஏச மாட்டீரோ?"

"அது வேற கதை," என்றார் அம்மா.