ஆளுக்கொரு ஊர்

என் அப்பா கப்பல் சரக்குக்கு இன்ஷூரன்ஸ் எழுதும் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ஒரு வியாபாரியின் சணல் மூட்டைகள் அத்தனையும் ஒரே கப்பலில் ஏறினால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. பாதி இதில், பாதி அடுத்ததில் போகவேண்டும். அந்தப் புத்தியை ஆபீஸிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். கல்கத்தாவில் பவானிபூரிலிருந்த எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்தார். அரிசி இரண்டு பானையில் இருக்கும், ஊறுகாய் இரண்டு ஜாடியில், அதுவும் வேறு வேறு அறையில். "நல்லவேளை, பெண்டாட்டியை ரெண்டா நறுக்கலை" என்பாள் அம்மா.

நறுக்கியது எங்களைத்தான். கல்கத்தாவில் பிளேக் என்று பேச்சு எழுந்தபோது எனக்கு எட்டு வயது, தங்கைக்கு ஐந்து. தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. எங்கள் இருவரையும் தஞ்சாவூர்ப் பக்கம் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று அம்மா அழுதாள்.

"அங்கே வாந்திபேதின்னு லெட்டர் வந்திருக்கே. ரெண்டையும் ஒரே இடத்துல வச்சு, வரக்கூடாதது வந்துட்டா அப்புறம் என்னடி மிஞ்சும்? ஒண்ணு இங்கே இருக்கட்டும், ஒண்ணு அங்கே இருக்கட்டும்" என்றார் அப்பா.

சின்னவள் போவதென்று முடிவாயிற்று. ஊருக்குப் போகிற தெரிந்த குடும்பம் ஒன்று துணை. ஹௌரா ஸ்டேஷனுக்குக் கிளம்பும் காலையில் அவளுக்கு நான்தான் தலை பின்னினேன். வேறு யார் தொட்டாலும் ஊரைக் கூட்டுவாள். அம்மாவுக்கே அனுமதி கிடையாது. ரயில் தவறிப் போகட்டும் என்று வேண்டுமென்றே மெதுவாகப் பின்னினேன். தவறவில்லை.

பிளேக் அடங்கியது. அவள் வரவில்லை. பிள்ளையில்லாத அத்தைக்கு விட மனசில்லை, அழைத்துவரத் துணையில்லை என்று வருஷத்துக்கு ஒரு சாக்கு. அடுத்த வீட்டு வங்காளிச் சிறுமி சீப்பும் கையுமாக வந்து, "தீதி" என்று அவர்கள் பாஷையில் அக்கா முறை சொல்லி முதுகைக் காட்டி உட்காருவாள். போ போ என்று விரட்டிவிடுவேன். என் கையைத் தங்கைக்கென்று வைத்திருந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். இன்றைக்கானாலும் அதையேதான் செய்வேன்.

ஐந்து வருஷம் கழித்து என் கல்யாணத்துக்கு வந்தாள். எண்ணெயும் சீப்பும் எடுத்து வைத்து, மணை போட்டு, "வாடி, உட்காரு" என்றேன். அவள் பிறத்தியார் வீட்டுக்கு வந்ததுபோல அடக்கமாகச் சிரித்தாள்.

"இருக்கட்டும், நானே பின்னிக்கறேன். நீங்கோ எதுக்கு சிரமப்படறேள்?"

வாசலில் அப்பா யாரிடமோ சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ரெண்டு குழந்தைகளும் பொழைச்சுடுத்து. ஒரு குறையும் இல்லை."

பிழைத்தது நிஜம்தான். ஆனால் எனக்கு என் தங்கை வேண்டும் என்று வாய்விட்டு அழவேண்டும்போல இருந்தது. அவளோ எதிரிலேயே நின்று பின்னிக்கொண்டிருந்தாள். வகிடு கோணலாக இருந்தது. நான் மணையை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.