கணினிக்குக் கொதித்தாறிய தண்ணீர்

பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு என் மகளின் கணினி சூடு தாங்காமல் நின்றுவிடும். ஐந்து நிமிடம் முந்தலாம், பிந்தலாம், ஆனால் நிற்கும். நீர்ப்பாசனப் பகுதியில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்படியொரு நேர ஒழுங்கை எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை.

மகள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். வெளிநாட்டுக் கட்டடக்கலை நிறுவனம் ஒன்று வரைபடங்களை அனுப்பும். இன்னும் கட்டப்படாத வீட்டை, கட்டி முடித்து வெயிலும் விழுந்த மாதிரிப் படமாக்கிக் கொடுப்பது அவளுடைய தொழில். ஒரு படத்தைக் கணினி கணக்குப் போட்டு முடிக்க ஐந்தாறு மணித்தியாலம் ஆகும். இடையில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. இரவில் ஓடவிடலாம்தானே என்று கேட்டேன். இரவிலும் ஓடுகிறதாம், பகலுக்கும் வேலை மிச்சம் இருக்கிறதாம். அறைக்குக் குளிரூட்டி பூட்டலாம் என்றால், அக்கராயனில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கையின் கடைசி மின்கம்பம் எங்களுடையது. கடைசி வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் எப்படி வந்து சேருமோ அப்படித்தான் எங்களுக்கு மின்சாரமும் வந்து சேரும்.

பங்குனியில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மகள் விஷயத்தைச் சொன்னாள். நிறுவனத்தார் பொறுமையானவர்கள். ஆவணி பிறப்பதற்குள் படங்கள் சொன்ன நேரத்துக்கு வரத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் கொழும்பிலுள்ள தங்கள் குளிரூட்டிய அலுவலகத்தில் வந்திருந்து செய்யட்டும் என்று எழுதியிருக்கிறார்கள். வெள்ளவத்தையில் ஒரு அறை கேட்டு வைத்திருக்கிறாளாம். இரண்டு வருடம் முன்புதான் கொழும்பை விட்டு வந்தவள். மனைவி கறிச் சட்டியின் மூடியை மூடினார், பிறகு திறந்தார், பிறகு மூடினார். அபிப்பிராயம் கேட்கப்படாதபோது வாயைத் திறக்காமலிருப்பது உத்தியோகம் எனக்குத் தந்த பழக்கம். அவள் போகக்கூடாது என்பதுதான் என் அபிப்பிராயம். அதை எவரும் கேட்கவில்லை.

காற்றால் குளிராத கணினியைத் தண்ணீரால் குளிரச் செய்யலாம் என்று கிளிநொச்சியில் கணினி திருத்துகிறவர் சொன்னார். மகளின் கொழும்புச் சிநேகிதி ஒருத்தி தன்னுடைய பழைய இயந்திரத்தைக் கழற்றியபோது பம்ப், குழாய்கள், தண்ணீர்க் குடுவை, செம்பாலும் பித்தளையாலும் ஆன ரேடியேற்றர் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டாள். அனுப்பாத ஒன்றுதான் முக்கியமானது: வாட்டர் புளொக். கணினியின் மூளையான செயலியின் தலைமேல் உட்காருகிற, உள்ளங்கை அகலச் செப்புப் பெட்டி அது. உள்ளே மயிரிழை அகலத்தில் வாய்க்கால்கள் வெட்டியிருக்கும். அவற்றினூடாகத் தண்ணீர் ஓடிச் சூட்டை அள்ளிக்கொண்டு போகும்.

வாய்க்கால் என்ற சொல்லைக் கேட்டவுடன் நான் கோப்புத் திறந்துவிட்டேன்.

"ஒரு சாமான் வாங்கிறதுக்கு ஏனப்பா ஃபைல்?" என்றாள் மகள்.

"ஃபைல் திறக்காமல் வாங்கின சாமான் எங்க கிடக்குதெண்டு ஒருதருக்கும் தெரியாது பிள்ளை."

"என்ர மேசையில கிடக்கும்."

முதலில் தேவைக் குறிப்பு. பிறகு மூன்று கடைகளிடமிருந்து மூன்று விபரக்கோவைகள். பிறகு தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு: தலைவர் நான், பாவனையாளர் மகள், வெளி உறுப்பினர் மனைவி. குழு குசினியில் கூடியது.

முதலாவது பெட்டி அலுமினியம். ஓரத்தில் ஏழு நிறத்தில் வெளிச்சம் ஓடும். "இது நல்ல வடிவாயிருக்கு" என்று வெளி உறுப்பினர் அபிப்பிராயம் தெரிவித்தார். நிராகரித்தேன். செம்பு ரேடியேற்றரோடு அலுமினியப் பெட்டியை ஒரே தண்ணீரில் சேர்த்தால் அலுமினியம் மெல்ல மெல்ல அரிக்கப்பட்டுப் போகும். குளத்துக் கதவின் இரும்பில் பித்தளை ஆணி அடித்த புண்ணியவான்களின் வேலையைத் திருத்தித் திருத்தி நான் கற்றது அது. இரண்டாவது செம்புதான், ஆனால் மேல்மூடி கண்ணாடி மாதிரியான பிளாஸ்ரிக். ஆணியை ஒரு சுற்றுக் கூட முறுக்கினால் வெடிக்கும் என்று வாங்கியவர்களே எழுதியிருந்தார்கள். மூன்றாவது நிக்கல் பூசிய செம்பு, கறுத்த தடித்த மூடி, வெளிச்சம் கிடையாது, அழகும் கிடையாது. அதைத் தெரிவு செய்தோம். ஒரு உறுப்பினர் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார். இன்றுவரை அவர் அதை மீளப்பெறவில்லை.

பெட்டி வந்தது. திறந்து பார்த்ததும் எனக்கு ஒரு குறை தெரிந்தது. தண்ணீர் பெட்டியின் சரி நடுவில் விழுந்து இரண்டு பக்கமும் பிரிந்து ஓடுகிறது. மகளுடைய செயலியிலோ சூடு நடுவில் இல்லை, கீழ்ப்பக்க ஓரத்தில் இருக்கிறது. படங்களைப் பார்த்து அளந்தேன். ஏழு மில்லிமீற்றர் விலகல். வயல் ஒரு பக்கம் கிடக்க, துருசை இன்னொரு பக்கம் கட்டுவது எனக்குப் புதிதல்ல. குளத்துத் தண்ணீர் வாய்க்காலுக்கு இறங்குகிற அந்த வாயில் தவறான இடத்தில் நின்றால், எத்தனை கூட்டம் போட்டாலும் கமக்காரர் ஏசத்தான் செய்வார்கள். பெட்டியைப் பிடிக்கிற தகட்டின் துளைகளை ஏழு மில்லிமீற்றர் தள்ளி வெட்டினால், தண்ணீர் சூட்டின் தலையிலேயே விழும்.

அதற்கு மாங்குளத்துக்குப் போனேன். அங்கே லேத் பட்டறை வைத்திருப்பவர் முல்லைத்தீவு முஸ்லிம். இடம்பெயர்ந்து போன புத்தளத்திலிருந்து திரும்பி வந்து பட்டறையைப் போட்டவர். நான் வேலையில் இருந்தபோது துருசுக் கதவுகளின் தண்டுகளைக் கடைந்து தந்தவர். தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எந்த மோட்டார்ட சாமான், சேர்?"

"கொம்பியூட்டர்ர சாமான், நானா."

"கொம்பியூட்டருக்கும் தண்ணி விடுறீங்களா? பென்சன் எடுத்தும் உங்களுக்குத் தண்ணி விடுற வேலை விட்டுப் போகயில்ல."

"துளையை ஏழு மில்லிமீற்றர் கீழ இறக்கோணும்."

"எட்டு விட்டா லேசாயிருக்கும்."

"ஏழு."

"துருசுத் தண்டில அரை அங்குலம் கூடக் குறைய விட்டனான். அப்ப ஒண்டும் சொல்லயில்லயே."

"சொன்னனான். எழுத்தில சொன்னனான்."

"அதுதான் எனக்குத் தெரியாமப் போச்சு" என்று சிரித்துக்கொண்டே தகட்டைப் பிடிகருவியில் இறுக்கினார். ஏழாகவே வெட்டினார். அளந்து பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாந்தரமும் அளந்தேன்.

இனித் தண்ணீர். காய்ச்சி வடித்த நீர் மட்டுமே விட வேண்டும் என்று பெட்டியோடு வந்த தாளில் இருந்தது. கடைகளில் பற்றரிக்கு ஊற்றுவதற்கென்று போத்தலில் விற்பது அதுதான். எனக்கு அது தெரியும். மனைவிக்கு வேறொன்று தெரியும்.

"பற்றரித் தண்ணியோ? அசிட் சாமான் என்ர வீட்டுக்குள்ள வராது."

"அசிட் வேற, இது வேற."

"ரெண்டும் ஒரே கடையில ஒரே தட்டிலதானே கிடக்கு. நாளைக்கு ஆரும் மாறிக் குடிச்சால்?"

தர்க்கம் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. எங்கள் வீட்டில் கொதித்தாறிய தண்ணீர் எப்போதும் பானையில் இருக்கும். யுத்தம் முடிந்து முகாமில் இருந்த காலத்தில் சுகாதாரப் பகுதியினர் பழக்கிவிட்டது அது. நல்ல தண்ணீர் என்றால் கொதித்தாறிய தண்ணீர் என்பது இந்தப் பக்கத்தில் நடைமுறை. நடைமுறைக்கு நான் எதிரானவன் அல்ல. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வெள்ளைத் துணியில் வடித்து, வைகாசி பிறந்த கிழமையில் குடுவையை நிரப்பினேன்.

இரண்டு பத்து வந்தது. கணினி நிற்கவில்லை. முன்பு தொண்ணூற்றைந்தைத் தாண்டிய சூடு எழுபதில் நின்றது. மகள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குசினிக்குப் போய் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். நான் கோப்பில் "திருப்தி" என்று எழுதினேன். ஓய்வூதியக் கடிதம் வந்த நாளில்கூட அப்படி எழுதவில்லை.

குடுவையில் பென்சிலால் ஒரு கோடு கீறி வைத்திருந்தேன், குளத்து அளவுகோல் மாதிரி. சனிக்கிழமைதோறும் காலையில் மட்டம் பார்ப்பேன். குறைந்த அளவுக்குப் பானைத் தண்ணீர் விடுவேன். மகள் கதிரையை நகர்த்தி இடம்விட்டுத் தருவாள்.

ஆடி முடியப் போகிற ஒரு திங்கட்கிழமை. அலுமாரிக்கு மேல் இருந்த பயணப்பெட்டி அவளுடைய கட்டிலடியில் இருந்தது.

"ஏன் பிள்ளை பெட்டி கீழ?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தொண்ணூறு வருகுதப்பா. நேற்று ரெண்டு மணிக்கு நிண்டிட்டுது. மூண்டு கிழமையாக் கூடிக்கொண்டே வருது. புதன்கிழமை கடைசிப் படம் குடுக்கோணும். அதோட அறைக்கும் முடிவு சொல்லோணும்."

"மூண்டு கிழமையா ஏன் சொல்லேல்ல?"

"சனிக்கிழமை சனிக்கிழமை நீங்கள் வந்து நிண்டு தண்ணி அளக்கிறதைப் பாத்துக்கொண்டு, என்னெண்டப்பா சொல்லுறது?"

கணினியை நிறுத்தச் சொன்னேன். தண்ணீரை வாளியில் இறக்கி, பெட்டியைக் கழற்றி, மூடியின் ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். மயிரிழை வாய்க்கால்களில் பாதி தெரியவில்லை. வெள்ளையாக, மாவைத் தூவிவிட்டு ஈரக் கையால் அழுத்திய மாதிரி அடைத்துக் கிடந்தது. அதை நான் முன்பு எங்கோ கண்டிருக்கிறேன். எங்கே என்று நினைவு வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். அடுப்படியில் இருந்த கேத்திலின் மூடியைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தார். "இஞ்சேருங்கோ, இது எங்கட கேத்தில் காவியெல்லோ?"

ஓம், அதேதான். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு. கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும். சுண்ணாம்பு சாகாது, நுண்ணிய தூளாகித் தண்ணீரில் மிதக்கும், துணியிலும் நிற்காது. அதைத்தான் நான் சனிக்கிழமைதோறும் மட்டம் பார்த்து, குறையாமல், ஒழுங்காக, மகளின் கணினிக்குள் ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன். ஒருநாளாவது மறந்திருந்தால் அவ்வளவுக்கு நன்மையாக இருந்திருக்கும். உத்தியோக காலம் முழுவதும் தண்ணீரின் உயரத்தை அளந்தவன் நான். அதற்குள் என்ன இருக்கிறது என்று நெல்லும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

எத்தனையோ பேரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு நானே எனக்கு ஒன்று எழுதிக் கோப்பில் போட்டேன். மூன்று வரி. எந்தத் தண்ணீர் என்று தெரிந்திருந்தும் விடவில்லை, வீட்டில் ஒரு சொல் பேசுவதற்குச் சோம்பல், தவறு என்னுடையது. மகள் வாசித்தாள். கீழே "பார்த்தேன்" என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தாள். பிறகு கொஞ்சம் சிரித்தாள்.

கேத்தில் காவிக்கு மனைவியிடம் மருந்து இருந்தது. தேசிக்காய். நான்கு காயைப் பிழிந்து அந்தப் புளிச்சாற்றுக்குள் பெட்டியைப் போட்டார். சின்னச் சின்னக் குமிழாகப் பொங்கி வந்தது. பழைய பல்துலக்கியால் வாய்க்கால்களின் வாக்கிலேயே தேய்த்தார், குறுக்கே தேய்க்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முன்பே. "எனக்குத் தெரியும், நீங்கள் அங்கால போங்கோ" என்றார். இரண்டு தரம் தேசிக்காய், மூன்று தரம் அலசல். வாய்க்கால்களின் கோடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

செவ்வாய்க்கிழமை இருவரும் பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போனோம். கடையில் பற்றரித் தண்ணீர்ப் போத்தலை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டு எழுத்து முழுவதையும் மனைவியே வாசித்தார். மூடியைத் திறந்து மணந்தார்.

"மணமே இல்லை."

"தண்ணிதானே."

"அப்ப ஏன் அதுக்கு அப்பிடியொரு பேர் வைச்சவை? நல்ல பேர் வைச்சிருந்தால் நான் அண்டைக்கே விட்டிருப்பன்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வெளியே நின்ற பஸ்ஸைப் பார்த்தேன்.

புதன்கிழமை காலை மகள் கடைசிப் படத்தை ஓடவிட்டாள். நான் அறைக்குள் போகவில்லை. விறாந்தைக் கதிரையில் பத்திரிகையோடு இருந்தேன். ஒரே பக்கம்தான். ஒன்றே முக்காலுக்கு மனைவி வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார். இரண்டு ஆயிற்று. இரண்டு பத்து ஆயிற்று. உள்ளேயிருந்து விசிறியின் ஓசை ஒரே சுருதியில் வந்துகொண்டிருந்தது.

"எத்தினை?" என்று மனைவி உள்ளே பார்த்துக் கேட்டார்.

"எழுபத்தொண்டு, அம்மா."

மூன்றரைக்குக் கொஞ்சம் முன்னே படம் முடிந்தது. ஏதோ குளிர்நாட்டில் ஏரிக்கரையில் ஒரு வீடு. அதன் சுவரில் எங்கள் வெயில்தான் விழுந்திருந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். அனுப்பினாள். பின்னேரம் பதில் வந்தது: நல்லது, இருக்கிற இடத்திலிருந்தே தொடரலாம். வெள்ளவத்தைக்குத் தொலைபேசி எடுத்தாள். "இல்லையக்கா, அறை வேண்டாம். வேற ஆருக்கும் குடுங்கோ" என்பது மட்டும் விறாந்தைக்குக் கேட்டது.

பெட்டியோடு வந்த தாளில் இன்னொரு வரியும் இருந்தது: ஆறு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். அதைச் சொன்னேன். மகள் பேனையோடு சுவர்க் கலண்டரிடம் போனாள். தாள்களைப் புரட்டிக்கொண்டே போனாள். மார்கழியோடு கலண்டர் முடிந்துவிட்டது. மாசி அதில் இல்லை. கலண்டரை ஆணியிலிருந்து கழற்றித் திருப்பி, பின் அட்டையில் எழுதினாள்: "மாசி. தண்ணி மாத்த வேணும். பற்றரித் தண்ணி. நான்."

"அதை ஃபைலிலயும் போடட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாமப்பா. கட்டிலடியில கிடக்கிற பெட்டியை ஒருக்கா அலுமாரிக்கு மேல ஏத்தித் தாங்கோ."

வெறும் பெட்டிதான், பாரமில்லை. ஏற்றிவைத்தேன்.