டிராக்டர் பழகிய கை

வரதய்யபாளையத்து விவசாயி அப்பாவுவின் மகள் யாமினி, பன்னிரண்டு வயதிலேயே மாந்தோப்பில் டிராக்டர் ஓட்டியவள். திருப்பதியில் விமானம் ஓட்டப் பழகியபோது ஆசிரியர் நூறு முறை சொல்லியிருந்தார்: தரையில் ஓடும் விமானத்தைக் கையால் திருப்ப முடியாது, கால் மிதிகளால்தான் திருப்ப வேண்டும்.

ஒருநாள் தனியாக விமானத்தைத் தரையிறக்கினாள். சக்கரம் தரையைத் தொட்டதும் பக்கக்காற்று விமானத்தின் மூக்கை இடப்பக்கம் இழுத்தது. பாழாய்ப்போன கைகள் ஸ்டீரிங்கை வலப்பக்கம் ஒடித்தன. கால்கள் சும்மா கிடந்தன. விமானம் ஓடுதளத்தை விட்டு முள்புதரில் பாய்ந்து இறக்கை முறிந்தது. அவளுக்குக் கீறல்கூட இல்லை. பயிற்சிப் பள்ளியில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

போனில் விஷயத்தைக் கேட்ட அப்பாவு புலம்பினார். "சின்ன வயசுலயே உனுக்கு ஸ்டீரிங் புடிக்கக் கத்துக்குடுத்தனேம்மா, அப்பறம் எப்டிம்மா?"

"தெரியல நைனா" என்றாள் யாமினி.